திறந்த குப்பிக்கு ஆறு நாள்

போன வாரம் ஷைனி போன் பண்ணினா. குலசேகரத்துக்கு மேல மலைப்பக்கம் உள்ள ரப்பர் எஸ்டேட் பங்களாவுல நான் முப்பது வருஷம் வேலை பாத்து, பட்லரா ரிட்டயர் ஆனவன். நான் ரிட்டயர் ஆன பிறகு பங்களாவை ரிசார்ட் ஆக்கிட்டாங்க. அங்க சாப்பாட்டு அறையையும் ஸ்டோரையும் இப்போ பாத்துக்கிடுகது ஷைனிதான்.

"சாம் சாரே, புது மெஷின் ஒண்ணு வந்திருக்கு. கார்க்கை எடுக்காமலே ஊசியக் குத்தி வேணுங்கிற ஒயினை மட்டும் எடுக்கலாம். எடுத்த இடத்துல கேஸ் போய் நெறஞ்சிடும். மிச்சம் மாசக்கணக்குல கெடாதாம். இது இல்லாம நிங்க எல்லாம் என்ன செய்திய?"

"வேர்த்தோம்"னேன்.

சிரிச்சா. ஆனா ஆளு விடல. "எழுதித் தாங்க, புதுசா வாற பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டணும்"னு பிடிச்சுக்கிட்டா. அந்த மெஷின்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. நல்ல சாமான். பத்து வருஷம் முந்தி வந்திருந்தா எனக்க தலையில நாலு முடி மிச்சம் இருந்திருக்கும். ஒண்ணு மட்டும் சொல்லணும். நாப்பது வருஷக் கார்க்குல ஊசியக் குத்தினா அது புட்டு மாதிரி உதிந்திடும். அந்தக் குப்பிகளுக்கு இப்பவும் மனுஷன் வேர்க்கத்தான் வேணும்.

முதல்ல எனக்க கதையில உள்ள வேடிக்கையச் சொல்லிடுறேன். நான் ஒரு சொட்டு குடிச்சதில்ல. எங்க அப்பா சாராயத்துல போனவரு. அடக்கம் முடிஞ்ச அன்னிக்கு அம்மா எனக்க கையப் பிடிச்சு வேதபுஸ்தகத்துமேல வச்சு சத்தியம் வாங்கினாவ. அப்படிப்பட்ட எனக்கு எஸ்டேட்டுல கிடைச்ச வேலையப் பாருங்க. மூணு வருஷம் பிளேட்டு கழுவினேன், ரெண்டு வருஷம் மேசை பாத்தேன், அதுக்குப் பிறகு கொண்டுபோய் விட்டது ஒயின் ஸ்டோருல. எனக்க வீட்டுக்காரி லில்லி, ஜெபக்கூட்டத்துல யாராவது கேட்டா "ஸ்டோர் கீப்பர்"னு சொல்லி நிறுத்திக்கிடுவா. என்ன ஸ்டோருன்னு சொல்லமாட்டா. வீட்டு நடையில செருப்பக் கழட்டும்போதே "கையக் கழுவிட்டு வாங்க"ன்னு சத்தம் வரும். அதுக்குமேல ஒரு வார்த்தை அந்த வேலையப் பத்தி அவ கேட்டதில்ல.

ஸ்டோரு டோரத்தி மேடத்துக்க ராஜ்யம். கொச்சியில ஒரு பழைய கிளப்புல இருந்துட்டு வந்தவங்க. குட்டையான ஆளு. பூப்போட்ட கவுன், இடுப்புல சாவிக்கொத்து, காதுக்குப் பின்னால ஒரு பென்சில். அவங்க சத்தம் போட்டு நான் கேட்டதில்ல. தப்பு செஞ்சா "இன்னொரு தடவை"ம்பாங்க, அம்புட்டுதான். ஒரே கண்ணாடி ஜாடியில பச்சத்தண்ணிய பதினாலு தடவை ஊத்தியிருக்கேன். பதினாலாவது தடவை கை நடுங்காம ஊத்தினதும் பென்சில எடுத்து ஏதோ குறிச்சுட்டு அவங்க பாட்டுக்குப் போயிட்டாங்க. என்ன குறிச்சாங்கன்னு இன்னிக்குவரை தெரியாது.

எந்தக் குப்பிய திறந்தாலும் கிளாஸை எனக்க மூக்குக்குக் கீழ நீட்டுவாங்க. "பேரு சொல்லு." புஸ்தகத்துல பிளம், ஃபிக்ன்னெல்லாம் போட்டிருக்கும். பிளம் பழத்த நான் எங்க கண்டேன்? முந்திரிப்பழத்தக் கொல்லாம்பழம்னு சொல்லுக ஊர்க்காரன் நான். "நனஞ்ச தீப்பெட்டி மேடம்", "கொல்லாம்பழம் மேடம்", "சுட்ட புளி மேடம்"னு வாயில வந்ததச் சொல்லுவேன். சிரிக்காம அப்படியே நோட்டுல எழுதிக்கிடுவாங்க. ஒரு நாள் சொன்னாங்க: "நீ குடிக்காதது எனக்கு நல்லதுதான் சாம். குடிக்கிறவன் மூணாவது மடக்குல பொய் சொல்லுவான்."

சேந்த புதுசுல நான் செஞ்ச ஒரு கூத்து உண்டு. ஸ்டோருக்கு வெள்ளையடிச்சு முடிச்ச சமயம். அலமாரியில படுத்துக் கெடந்த ஒரு கறுத்த குப்பிமேல வெள்ளையா ஒரு தீத்தல். சுண்ணாம்பு தெறிச்சதுன்னு நெனச்சு, மண்ணெண்ணெயில துணிய நனைச்சு தேய் தேய்னு தேச்சு, குப்பியப் பளபளன்னு ஆக்கி, நிமித்து வச்சேன். மேடம் வந்து பாத்தாங்க. "சாம், இதுல வெள்ளைக் குறி எந்தப் பக்கம் இருந்துச்சு?" "துடைச்சிட்டேன் மேடம்!" எனக்குப் பெருமை தாங்கல. அவங்க அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க.

அந்தக் குறி வேணும்னே இட்டது. போர்ட்ங்கிற சீமை இனிப்பு ஒயினுக்க பழைய குப்பியில அடிமண்டி இறங்கி ஒரு பக்கமாப் படிஞ்சிருக்கும். எந்தப் பக்கம் மேல பாத்துக் கெடந்ததுன்னு காட்டத்தான் அந்த வெள்ளை. நான் துடைச்சு, நிமித்தி, உருட்டி, எல்லாத்தையும் கலக்கிட்டேன். "இனி இத யாரும் தொடாம வருஷக்கணக்குல கெடக்கணும்"னு சொல்லி மறுபடி படுக்க வச்சாங்க. மேல ஒரு குறி போடச் சொன்னாங்க. சுண்ணாம்ப விரல்ல தொட்டு நானே போட்டேன். அது யாருக்க குப்பின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

எஸ்டேட் டிஸ்பென்சரி டாக்டருக்க குப்பி. நாங்க எல்லாரும் டாக்டர் சார்னு சொல்லுவோம். எனக்க மூத்த மக பிறந்தது அவருக்க கையில. அடை மழையில ஜீப்பு நின்னு போக, முழங்காலளவு வெள்ளத்துல பையத் தலையில வச்சுக்கிட்டு நடந்து வந்தாரு. அவருக்கு ஒரே மக, ரீனா. ரீனா பிறந்த வருஷத்த மேல அச்சடிச்ச போர்ட் குப்பி ஒண்ண, ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பழைய மேனேஜர் ஒருத்தர் கொண்டு கொடுத்திருக்காரு. ரீனா கல்யாணத்துக்குத் திறக்கலாம்னு டாக்டர் சார் எங்க ஸ்டோருல வச்சாரு. கல்யாணத்தன்னிக்கு வீடு நெறைய பாஸ்டர்மாரு. திறக்க வழியில்ல. பேரன் பிறக்கட்டும்னாரு. பேரன் அயர்லாந்துல பிறந்தான். இப்படி நல்ல நாள் பாத்துப் பாத்துக் குப்பிக்கு நாப்பது வயசாச்சு.

பத்து வருஷம் முந்தி டாக்டர் சாருக்குத் தொண்டையில கட்டி. திருவனந்தபுரத்துல கதிர் சிகிச்சைக்கு ஒரு திங்கக்கிழமை நாள் குறிச்சாங்க. அவரே டாக்டர், அவருக்கிட்ட யாரு மறைக்க முடியும்? ஸ்டோருக்கு வந்து எனக்க தோளுல கைய வச்சாரு. "சாம், கட்டி போகும்னுதான் சொல்லுகாவ. ஆனா நாக்குக்கு ருசி போயிரும். திரும்பி வந்தா வரும், வராட்டி இல்ல. அதுக்கு முன்ன எனக்க பிள்ளகூட இருந்து அந்தக் குப்பியில ஒரு கிளாஸ் குடிக்கணும்டே." ரீனா லீவு போட்டு வாறான்னும், சிகிச்சைக்கு ஒம்பது நாள் முந்தின சனிக்கிழமை மத்தியானம் வந்து சேருவான்னும் சொன்னாரு.

வியாழக்கிழமையே குப்பிய நிமித்தி வச்சேன், மண்டி அடியில இறங்கட்டும்னு. இந்தப் பழைய போர்ட்டுக்க குணத்த இங்க சொல்லியாகணும். மரப்பீப்பாயில கெடந்து முத்தின போர்ட்டுக்குக் காத்து பழக்கம், திறந்தாலும் ஒரு மாசம் தாக்குப்பிடிக்கும். குப்பிக்குள்ளயே அடைஞ்சு கெடந்து முத்தினது காத்தையே கண்டதில்ல. திறந்தா ரெண்டு நாள், மிஞ்சினா மூணு நாள். அதுக்குப் பிறகு மணம் ஒண்ணொண்ணா இறங்கிப் போயிரும். வெறும் இனிப்புத்தண்ணி மிஞ்சும். அதனால மேடத்துக்குக் கண்டிப்பான ஒரு சட்டம் உண்டு: ஆளு வாசப்படியில கால் வைக்காம பழைய குப்பியில கை வைக்கக்கூடாது.

சனிக்கிழமை காலையில பத்து மணி. வெளியில மழை கொட்டுது. ரீனா போன் பண்ணினா. "சாம் அண்ணா, மார்த்தாண்டம் தாண்டியாச்சு!" மார்த்தாண்டம் ஜங்ஷனத் தாண்டினவன் பாதிக் கடலத் தாண்டின மாதிரின்னு இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அதுக்கு இங்கிட்டு ஒரு தடையும் கிடையாது. டாக்டர் சார் தேச்ச சட்டை போட்டு, வராந்தாவுல கேட்டப் பாத்து உக்காந்திருக்காரு. மேடம் டிஸ்பென்சரிக்குப் போயிருந்தாங்க. சாப்பாட்டு நேரத்துக்கு ஒயின் தெளிஞ்சு தயாரா இருக்கணும்னு எனக்கு ஒரே ஆவேசம். பதினொண்ணு பத்துக்கு எடுத்துட்டேன் கார்க்கை.

எடுத்த விதத்துல குறை சொல்லமுடியாது. திருகாணி போட்டா உதிந்திடும்னு, ரெண்டு மெல்லிய நாக்கு உள்ள எடுக்கியக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையில பைய ஆட்டி ஆட்டி இறக்கினேன். முழுசா வந்துச்சு. ஸ்டோரு இருட்டுல மெழுகுதிரிய ஏத்தி, குப்பிக் கழுத்துக்குப் பின்னால வச்சு, ஒரே இழுப்புல ஜாடியில ஊத்தினேன். மண்டி கறுப்பு நூலா தோளு வரைக்கும் வந்ததும் நிறுத்தினேன். என்ன நிறம்! செங்கல்லும் மாதுளையும் கலந்த மாதிரி. இது பதினஞ்சாவது தடவைன்னு மனசுக்குள்ள மேடத்துக்கிட்ட சொல்லிக்கிட்டேன்.

பதினொண்ணே முக்காலுக்கு மறுபடி ரீனா. அழுகா. ஆத்துப்பாலத்துக்க கரைய வெள்ளம் கொண்டுபோயிருச்சு. மேல மண்ணு சரிஞ்சு ஏழெட்டு ரப்பர் மரம் ரோட்டுல. ஜீப்பு போகாது, நடந்தும் வர முடியாது. திரும்பி மார்த்தாண்டத்துல சித்தி வீட்டுக்குப் போறாளாம். பேசிட்டு இருக்கும்போதே கரண்டும் போச்சு, ஸ்டோருல உள்ள ஃபிரிட்ஜும் நின்னு போச்சு.

வராந்தாவுக்குப் போய் டாக்டர் சாரு முன்ன நின்னு, "சாரே, நான் குப்பியத் திறந்துட்டேன்"னேன். அவரு மழையப் பாத்துக்கிட்டே, "செரி சாம். மூடி வையி"ன்னாரு. நாலு வசவு வசஞ்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். "நிங்களாவது ஒரு கிளாஸ் குடியுங்க சாரே, இப்போ நல்லா இருக்கு"ன்னு கெஞ்சினேன். "பிள்ள இல்லாம எனக்கு ஒரு துளி வேண்டாம்"னாரு.

மேடம் வந்தாங்க. ஜாடியப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. "எத்தனை மணிக்குத் திறந்த?" "பதினொண்ணு பத்து மேடம்." பென்சில எடுத்துக் குறிச்சாங்க. "ரோடு எப்போ சரியாகும்?" "வெள்ளிக்கிழமை ஆகும்னு சொல்லுகாவ." "அப்போ ஆறு நாள்"னாங்க. சட்டத்த ஏன் மீறினன்னு கேக்கவே இல்ல. "டிஸ்பென்சரியில புதுக் கண்ணாடிக் குப்பி இருக்கும், மருந்து படாதது. சின்னது. ஓடு."

ஒயினுக்குச் சத்துரு காத்து. பாதி ஜாடி ஒயின்னா மேல பாதி ஜாடி காத்து. சின்னக் குப்பியில கழுத்து முட்ட ஊத்தி அடைச்சா காத்துக்கு இடம் இல்ல. ஆறு குப்பியை சோப்பு போடாம வெந்நீர்ல கொதிக்க வச்சு, கவுத்தி ஆறவிட்டேன். கண்ணாடிச் சுவரோட வழிய, நுரை எழும்பாம, பைய ஊத்தினேன். கார்க்க அமுக்கும்போது ஒரு சொட்டு வெளிய வழியணும், அப்பத்தான் உள்ள காத்து இல்லன்னு அர்த்தம். தோட்டத்துத் தேன்கூட்டுல எடுத்த மெழுக உருக்கி வாயில முக்கி எடுத்தேன். ஒரு வாளியில தேங்காய்நாரப் போட்டு ஆறையும் நிமித்தி வச்சு, மேல சாக்கு மூடி, கிணத்துல பாதி ஆழத்துக்கு இறக்கிக் கட்டினேன். கிணத்துக்குள்ள சூடு ஏறாது, வெளிச்சமும் போகாது.

ஜாடி அடியில ஒரு மடக்குக்கும் காணாத அளவு மிச்சம் இருந்துச்சு. மேடம் எனக்க மூக்குக்கு நீட்டினாங்க. "பேரு சொல்லு. இன்னிக்கு எப்படி இருக்குன்னு எழுதி வச்சாத்தான் வெள்ளிக்கிழமை எது போச்சுன்னு தெரியும்." அன்னிக்கு நானே எனக்க கையால ஒரு தாளுல எழுதினேன். வெயில்ல காஞ்ச கொல்லாம்பழம். கருப்பட்டிப் பாகு. பழைய வேதபுஸ்தகத்துக்க தோல் அட்டை. கிராம்பு, ரெண்டே ரெண்டு. சுட்ட புளி. அஞ்சு வரி. தாள மடக்கிச் சட்டைப்பையில வச்சுக்கிட்டேன்.

அதுக்குப் பிறகு உள்ள வேலைதான் இருக்கதுலயே கஷ்டம். ஒண்ணும் செய்யாம இருக்கணும். "திறந்து பாக்காத. பாக்குகதுதான் அதைக் கொல்லும்"னு மேடம் சொல்லியிருந்தாங்க. ஞாயிறு இருந்தேன், திங்கள் இருந்தேன். மழை விடல. டாக்டர் சார் காலையில வருவாரு, கிணத்துக் கயித்தப் பாப்பாரு, போவாரு. செவ்வாக்கிழமை எனக்குப் பொறுக்கல. சவம், என்ன ஆனாலும் ஆகட்டும்னு வாளியத் தூக்கி ஒரு குப்பிக்க மெழுக உடைச்சுத் திறந்து மோந்து பாத்தேன்.

ஒண்ணுமில்ல. கொல்லாம்பழம் இல்ல, கருப்பட்டி இல்ல, அஞ்சு வரியில ஒரு வரி இல்ல. செத்துப்போச்சு. அந்தக் கிணத்தடியில நான் உக்காந்து அழுதேன், சொல்லுகதுல எனக்கு வெக்கம் இல்ல. எனக்க பிள்ளைக்காக வெள்ளத்துல நடந்து வந்த மனுஷனுக்கு, நான் செஞ்ச கைம்மாறப் பாரு.

குப்பிய எடுத்துக்கிட்டு மேடத்துக்கிட்ட போனேன். மோந்தாங்க. முகம் சுளிச்சுது. "இதுக்கு என்ன மூடி போட்ட?" அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. டிஸ்பென்சரியில கார்க் அஞ்சுதான் கிடைச்சுது. ஆறாவதுக்கு எஸ்டேட் லேப்ல இருந்து ஒரு ரப்பர் அடைப்ப எடுத்துப் போட்டிருந்தேன். அத அவங்ககிட்ட சொல்லவும் இல்ல. எங்க எஸ்டேட்டுல எந்த ஓட்டைய அடைக்கணும்னாலும் ரப்பர்தான, அதுல சொல்ல என்ன இருக்கு?

"சாம், ரப்பர் நாறுதே, உனக்குத் தெரியலியா?"

"இல்லியே மேடம்."

வெளிய காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்டு ஒண்ண எடுத்துட்டு வந்து எனக்க மூக்குல வச்சாங்க. ஊரே மூக்கப் பொத்துக சாமான் அது. "இது?" "ஒண்ணும் மணக்கலியே." எனக்க சட்டைய மோந்து பாக்கச் சொன்னாங்க. அதுவும் ஒண்ணுமில்ல. நான் பிறந்ததே ஷீட் காயப்போட்ட கொடிக்குக் கீழ. இத்தனை ஒயினுக்குப் பேரு சொன்ன மூக்கு, ரப்பருக்கு மட்டும் குருடு. டோரத்தி மேடம் சிரிச்சு நான் பாத்தது அன்னிக்கு ஒரு நாள்தான். கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. "ஒயின் கெடல சாம். மூடிதான் கெடுத்துச்சு, ரப்பர் நாத்தம் மத்த மணத்த எல்லாம் மூடிருச்சு. மத்த அஞ்சும் கார்க்தான? போ, கயித்த இறுக்கிக் கட்டு. தொடாத."

டாக்டர் சாருக்கிட்ட போய், ஒரு குப்பிய நாசமாக்கிட்டேன்னு ஒத்துக்கிட்டேன். "அஞ்சு இருக்குல்லா? ரெண்டு பேருக்கு அஞ்சு குப்பி தாராளம்டே"ன்னாரு. ஆனா மத்த அஞ்சும் எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. புதன், வியாழன் ரெண்டு நாளும் நான் கிணத்துப் பக்கமே போகல.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, பாலத்துல பலகை போட்டதும், முதல் ஆளா நடந்து வந்துட்டா ரீனா. முழங்கால் வரைக்கும் சேறு. டாக்டர் சார் வராந்தாவுல இருந்து எழும்பி, மழையிலயே இறங்கிட்டாரு. அவ வாசப்படியில கால் வச்ச பிறகுதான் நான் கிணத்துக்குப் போனேன்.

மெழுக உடைச்சேன். கார்க்க எடுத்தேன். மேடம் கிளாஸ நீட்டினாங்க. "பேரு சொல்லு." கண்ண மூடி மோந்தேன். கொல்லாம்பழம், இருக்கு. கருப்பட்டிப் பாகு, இருக்கு, நல்லாவே இருக்கு. தோல் அட்டை கொஞ்சம் மங்கலா. கிராம்பு ரெண்டுல ஒண்ணு போச்சு. சுட்ட புளி, இருக்கு. "இருக்கு மேடம்!"னு நான் போட்ட சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டிருக்கும். அஞ்சு குப்பியில ரெண்டு தளந்து போயிருந்துச்சு. மூணு நின்னுச்சு.

அப்பாவும் மகளும் வராந்தாவுல ஆளுக்கொரு கிளாஸ வச்சு உக்காந்தாங்க. டாக்டர் சார் ஒரு வாய் எடுத்து, ரொம்ப நேரம் முழுங்கவே இல்ல. அப்புறம் ரீனாவப் பாத்து, "இதுக்கு உனக்க வயசு மக்கா. நல்ல நாள் பாத்து இத்தனை வருஷம் பூட்டி வச்சேன் பாரு, எனக்க புத்திய என்ன சொல்ல"ன்னாரு. ரீனா அழுதுகிட்டே சிரிச்சா. "சாம் அண்ணா, நிங்களும் ஒரு வாய்"ன்னு நீட்டினா. அம்மாவுக்குக் கொடுத்த சத்தியத்தச் சொல்லி, மோந்து மட்டும் பாத்துட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அப்போ டாக்டர் சார் எனக்க சட்டைப்பையக் காட்டி, "அந்த அஞ்சு வரியக் கொண்டா"ன்னாரு. ஒரு வாய்க்கு ஒரு வரின்னு வாசிக்கச் சொல்லி, தலையாட்டித் தலையாட்டிக் குடிச்சாரு. முடிஞ்சதும் தாள மடக்கி அவரே வச்சுக்கிட்டாரு. "நாக்கு போன பிறகு இது வேணும்."

திங்கக்கிழமை போனாரு. கட்டி போச்சு. நாக்கும் சொன்னபடியே போச்சு. சோறு, மீன், காப்பி எல்லாம் ஒண்ணுபோல மண்ணுன்னாரு. நான் ஞாயிறுதோறும் போயிப் பாப்பேன். மாசம் மூணு, அஞ்சு, ஏழுன்னு போச்சு. கட்டில் தலமாட்டுல அந்தத் தாளு ஒட்டியிருந்துச்சு. நான் அதப் பாக்காதது மாதிரி எழும்பி வந்திடுவேன்.

எட்டாம் மாசத்துல ஒரு காலையில, நான் பல்லு தேச்சுட்டு நிக்கேன், போன் அடிக்குது. டாக்டர் சார்.

"ஏலே சாம், ரெண்டாவது வரி வந்தாச்சுலே!"

கருப்பட்டிக் காப்பி குடிச்சிட்டு இருந்திருக்காரு. அடுத்த வருஷத்துக்குள்ள மத்த வரிகளும் வந்துச்சு. கிராம்பு மட்டும் இன்னும் ஒண்ணுதானாம். எம்பத்தெட்டு வயசுல இப்பவும் போன்ல அதச் சொல்லி என்னையக் கேலி செய்வாரு.

அந்த முதல் போன் வந்த காலையில நான் வீட்டு முத்தத்துல நின்னு ஓவென்னு கத்தினேன். லில்லி அடுக்களையில இருந்து பயந்து ஓடி வந்தா. "டாக்டர் சாருக்கு ரெண்டாவது வரி வந்தாச்சுட்டி!"ன்னேன். வாயெல்லாம் பற்பசை நுரை, கண்ணெல்லாம் தண்ணி. அவ என்னைய மேலயும் கீழயும் பாத்தா. கைய முந்தானையில துடைச்சுக்கிட்டே, கல்யாணமான நாளு முதல் எனக்க வேலையப் பத்தி ஒரு வார்த்தை கேக்காதவ, கேட்டா:

"அது என்னது ரெண்டாவது வரி? இஞ்ச இருந்து முழுசும் சொல்லுங்க, கேக்கட்டு."